பீட்டர் பார்க்கரின் கல்லூரி நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இளம் சூப்பர்ஹீரோக்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பைடர்மேனின் வில்லன்களைப் பற்றியும் திரைப்படங்களைப் பற்றியும் நிறைய எழுதியிருந்தார்கள். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கர் கல்லூரியில் படித்த காலத்தை மட்டும் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். சண்டைகளுக்கு நடுவே பக்கம் நிரப்ப வந்த காட்சிகள் அவை என்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

1990களின் தொடக்கத்தில் நான் மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். அப்பா இல்லை. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, பேருந்து நிலையத்தில் வந்து விழும் பேப்பர் கட்டுகளைப் பிரித்து, இணைப்புகளைச் செருகி, சைக்கிளில் தெருத்தெருவாகப் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவேன். இரண்டாவது மணிக்கே கண் சொருகும். யாராவது கூப்பிட்டால் காதில் விழாது. சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டேன், டூருக்கும் போகமாட்டேன். காரணத்தைச் சொல்ல வெட்கம். "அவனுக்குத் தலைக்கனம்டா" என்று வகுப்பு முடிவு செய்துவிட்டது.

அந்த நாட்களில்தான் திலகர் திடல் ஞாயிறு சந்தையில், பழைய புத்தகக் குவியலுக்குள் இருந்து, அட்டை கிழிந்த ஓர் ஆங்கில காமிக்ஸ் கையில் கிடைத்தது. அதுவரை ஸ்பைடர் என்றால் எனக்கு லயன் காமிக்ஸில் வந்த பிரிட்டிஷ் ஸ்பைடர்தான். இது வேறு ஆள். 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரில் 1965 டிசம்பர் தேதியிட்ட 31ஆம் இதழின் மறுபதிப்பு. பீட்டர் உதவித்தொகை பெற்று எம்பயர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேரும் இதழ் அது. சேர்ந்தவுடனேயே அவனை வளர்த்த மே பெரியம்மா மருத்துவமனையில் கிடக்கிறார். (தமிழில் எல்லோரும் மே அத்தை என்றே எழுதுகிறார்கள். பென் பீட்டருடைய அப்பாவின் அண்ணன். நம் முறைப்படி அவர் மனைவி பெரியம்மாதான்.) அந்தக் கவலையில் வகுப்பில் யார் பேசுவதும் அவன் காதில் ஏறவில்லை. க்வென் ஸ்டேசியும் ஹாரி ஆஸ்பார்னும் அந்த இதழில்தான் முதன்முதலாக வருகிறார்கள். பின்னால் அவன் வாழ்க்கையையே மாற்றப் போகிற அந்த இருவரும் அன்று அவனைப் பார்த்து நினைத்தது ஒன்றுதான்: திமிர் பிடித்தவன். சந்தையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வகுப்பில் எனக்கு நடந்ததை யாரோ ஒருவர், நான் பிறப்பதற்கு முன்னாலேயே, நியூயார்க்கில் உட்கார்ந்து வரைந்து வைத்திருந்தார்.

அந்தக் கதை 33ஆம் இதழ் வரை போகிறது. ஸ்டீவ் டிட்கோ கதையமைத்து வரைய, ஸ்டான் லீ வசனம் எழுதியது. பெரியம்மாவின் நோய்க்குக் காரணமே பீட்டர் முன்பு ஒருமுறை கொடுத்த ரத்தம்தான். சிலந்தி கடித்துக் கதிரியக்கம் ஏறிய ரத்தம் அது என்பதை டாக்டர்களிடம் சொன்னால் அவன் ரகசியம் வெளிப்பட்டுவிடும். மருந்துக்குப் பணம் புரட்ட, தான் சேர்த்து வைத்த ஆய்வுக் கருவிகளை அடகு வைக்கிறான். ஓர் அறிவியல் மாணவன் அதைச் செய்வது என்றால் என்ன என்று வேதியியல் படித்த எனக்குத் தெரியும். வில்லன் டாக்டர் ஆக்டோபஸைத் துரத்திப் போய் நீருக்கடியில் உள்ள மறைவிடத்தில் பெரிய இயந்திரத்தின் கீழ் சிக்கிக்கொள்கிறான். மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மருந்துக் குப்பி எட்டாத தூரத்தில் கிடக்கிறது. எதிரே வில்லன் யாரும் இல்லை. பக்கம் பக்கமாக ஒரே பையன், ஒரே பாரம். அதை அவன் தூக்கி எறிகிற முழுப்பக்கப் படத்தைக் காமிக்ஸ் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். முந்தின இதழ்களில் வகுப்பறையும் அடகுக் கடையும் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் கனம் இருந்திருக்காது. இயந்திரத்தின் எடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். கட்டுரையாளர் பக்க நிரப்பல் என்று சொன்னது இதைத்தான்.

1962இல் ஸ்பைடர்மேன் வந்தபோது காமிக்ஸ் உலகில் விடலைப் பையன்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது பேட்மேனின் ராபின் மாதிரி எடுபிடி வேலைதான். நாயகன் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் ஒரு பையன் நாயகனாவதற்கு முதலில் சம்மதிக்கவில்லை என்று ஸ்டான் லீ பல முறை சொல்லியிருக்கிறார். எப்படியும் நிறுத்தப்பட இருந்த ஒரு பத்திரிகையின் கடைசி இதழில்தான் அந்தப் பையனுக்கு இடம் கிடைத்தது.

பணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. பேட்மேனுக்கு மாளிகை இருக்கிறது. பீட்டருக்கு இருப்பது ஒரு கேமரா. தன் சண்டையைத் தானே படமெடுத்து டெய்லி பியூகிள் பத்திரிகைக்கு விற்கிறான். அதன் முதலாளி ஜேமிசன் அந்தப் படத்தையே போட்டு, ஸ்பைடர்மேன் ஒரு கேடு என்று எழுதுகிறார். தன்னைத் திட்டும் பக்கத்துக்குப் படம் கொடுத்துத்தான் அவன் வீட்டுச் செலவைப் பார்க்கிறான். உதவித்தொகை கிடைத்த பையன்தானே என்று அவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. உதவித்தொகை கட்டணத்தை அடைக்கும், அடுப்பை எரிக்காது.

1967 ஜூலையில் வந்த 50ஆம் இதழில் அவன் உடைந்து போகிறான். மதிப்பெண் இறங்குகிறது, பெரியம்மாவுக்கு மறுபடி உடம்பு சரியில்லை, நண்பர்களோடு இருக்க ஒரு மாலைப்பொழுதுகூட இல்லை. உடையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மழையில் நடந்து போகிறான். அந்த முடிவை எடுக்க வைத்தது எந்த வில்லனும் அல்ல. பிறகு திரும்பி வருகிறான், அது வேறு கதை. ஆனால் 'என்னால் முடியவில்லை' என்று ஒரு நாயகன் சொல்வதை நான் முதலில் படித்தது அங்கேதான்.

1968 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். சில மாதங்களில், 1969 ஜனவரி தேதியிட்ட 68ஆம் இதழில், பீட்டரின் கல்லூரியிலும் போராட்டம் வருகிறது. ஏழை மாணவர்களுக்குக் குறைந்த வாடகையில் விடுதி வேண்டும் என்பது கோரிக்கை. முன்னால் நின்றிருக்க வேண்டியவன் பீட்டர். அவனோ ஒதுங்கி நிற்கிறான், கூட இருப்பவர்கள் அவனைக் குறை சொல்கிறார்கள். ஸ்பைடர்மேனாக அன்று அவன் ஊருக்கு என்ன செய்தாலும் பீட்டராக அவன் கோழைதான். இந்தத் தனிமையை நான் வேறு எந்த சூப்பர்ஹீரோ கதையிலும் இவ்வளவு ஆழமாகப் படித்ததில்லை.

பட்டமளிப்பு நாள் 1978 அக்டோபர் தேதியிட்ட 185ஆம் இதழில் வருகிறது. நாலு வருஷப் படிப்பை முடிக்கப் பத்திரிகைக் கணக்கில் பதின்மூன்று வருஷம். அன்றும் அவனுக்குப் பட்டம் கைக்கு வரவில்லை. உடற்பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு கிரெடிட் குறைகிறது. இயந்திரத்தையே தூக்கி எறிந்தவனுக்கு உடற்பயிற்சியில் குறை! பலரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கல்லூரிகளில் 75 சதவீத வருகை இல்லை என்று கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கட்டணம்) கட்ட வரிசையில் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. பரோட்டாக் கடையில் இரவு ஒரு மணி வரை நின்றுவிட்டு வருகிறவர்களும், ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையிருந்துவிட்டு வருகிறவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே இருப்பது 'ஆப்சென்ட்' மட்டும்.

இன்று நானும் கல்லூரி ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி பெஞ்சில் தினமும் தூங்கிய ஒரு மாணவனை வகுப்பை விட்டு வெளியே போகச் சொன்னேன். அவன் எதுவும் சொல்லாமல் எழுந்து போனான். இரவெல்லாம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான் என்பது இரண்டு வாரம் கழித்து வேறொரு மாணவன் சொல்லித்தான் தெரிந்தது. பேப்பர் போட்டுப் படித்தவன் நான், 31ஆம் இதழை மனப்பாடமாக வைத்திருப்பவன் நான், எனக்கே கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான்.

உங்கள் கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. படங்களை மட்டும் பார்த்தவராக இருக்கலாம். அவர் இந்தப் பக்கங்களையும் படித்துவிட்டு இன்னொரு கட்டுரை எழுத வேண்டும் என்பது என் ஆசை. 31 முதல் 33 வரையிலான மூன்று இதழ்களும் அடங்கிய தொகுப்பு என்னிடம் இருக்கிறது. அலுவலக முகவரிக்கு அனுப்பித் தருகிறேன். படித்து முடித்துத் திருப்பி அனுப்பினால் போதும். அவசரமில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மதுரை.