தண்ணீர் ஏறினால் ஒன்று, வற்றினால் ஒன்று

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் ரவி,

உன் கடிதமும் கனடாவில் கிராண்ட் ஆற்றில் ஃபேர்கஸ் பாலத்தடியில் எடுத்த படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே சோளகம் தொடங்கிவிட்டது. மழை விட்டாலும் காற்று விடுகிறதில்லை.

உன் பிளைப் பெட்டியின் படத்தை வடிவாகப் பார்த்தேன். ட்ரவுட் மீன் பிடிக்கக் கொக்கியில் இறகு, மயிர், நூல் கொண்டு கட்டும் அந்தப் போலிப் பூச்சிகளில் நாற்பது வகை வைத்திருக்கிறாய், நாற்பதும் கிட்டத்தட்ட ஒரே பாரம். மேலே ஷாண்ட் அணையைத் திறந்த அன்று ஒன்றும் அடியில் போகாது, வற்றின அன்று எல்லாம் கல்லில் மாட்டும். நிறத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்; பாரத்தையும் தடிப்பையும் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கென்றால் நிறம் மூன்றாவது. மூன்று மாதிரி காணும், ஆனால் ஒவ்வொன்றையும் தண்ணீருக்கு ஏற்றபடி கட்ட வேண்டும்.

கிராண்ட் ஆற்றின் நீரளவு விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று இணையத்தில் வருகிறதே, அதில் இலக்கத்தை மட்டும் பாராதே. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார். ஒரே இலக்கமென்றாலும் ஏறும் தண்ணீர் வேறு, இறங்கும் தண்ணீர் வேறு. ஏறும்போது குப்பையும் சருகும் சேர்ந்து வரும். இறங்கும்போது தெளியும், மீனும் தைரியமாக இரை எடுக்கும்.

தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் ஏறி வந்தால் கறுப்பு வூலி பகர்தான், அதாவது மென்மையான வாலுள்ள பெரிய பிளை. கலங்கலில் மீனுக்கு நிறம் தெரியாது, நிழலுருவம்தான் தெரியும். அதற்குக் கறுப்பை விட நல்லது இல்லை. 8ஆம் இலக்க (இலக்கம் கூடக்கூடக் கொக்கி சிறிது) நீளத் தண்டுக் கொக்கியில் 4 மி.மீ. டங்ஸ்டன் மணி. மணியின் சிறிய துளை கொக்கிக் கண் பக்கம் இருக்க வேண்டும். 0.5 மி.மீ. ஈயமில்லாக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி மணிக்குள் தள்ளி, பின்முனையில் நூலால் ஒரு சரிவு கட்டு. அந்தச் சரிவு இல்லாவிட்டால் கம்பி தண்டில் உருளும், உடம்பு முழுவதும் திருகிக்கொள்ளும். வால் மராபூ என்ற பஞ்சு போன்ற இறகு, தண்டின் நீளம்தான். உன் படத்தில் வால் ஒன்றரை மடங்கு இருக்கிறது. எறியும்போது அது வளைவில் சுற்றிக்கொள்ளும், மீனும் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும். கத்தரிக்கோலால் வெட்டாதே, நுனி மொட்டையாகி அசைவு போய்விடும், நகத்தால் கிள்ளு.

உடம்புக்குச் சுற்றும் செனில் என்ற மயிர் நூலை முன்னுக்குக் கொண்டுவந்து கட்டிய பிறகு, சேவலின் கழுத்திறகை மணிக்குப் பின்னால் கட்டி, முன்னிருந்து பின்னுக்கு ஐந்தாறு சுற்று. முதலே வாலடியில் கட்டிவைத்த செப்புக் கம்பியை எதிர்த்திசையில் இறகின் மேலாக முன்னுக்குச் சுற்று. நீ கம்பியே போடவில்லை. அதனால்தான் மூன்றாவது மீனோடு இறகு அவிழ்கிறது: ட்ரவுட்டின் பல் காம்பை அறுத்தால் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. டிப்பெட், அதாவது பிளையைக் கட்டும் நுனி நூல், 3எக்ஸ், 0.20 மி.மீ. தடிப்பு. நடு ஆற்றுக்கு எறிந்து கையை நோகப் பண்ணாதே. அப்படிப்பட்ட தண்ணீரில் மீன் கரையோரத்து மந்தமான இடத்தில்தான் ஒதுங்கி நிற்கும்.

தண்ணீர் இறங்கி, முழங்காலளவில் உன் சப்பாத்து மங்கலாகத் தெரியத் தொடங்கினால் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், அதாவது ஃபெசன்ட் பறவையின் வாலிறகில் நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டும் பிளை, 14ஆம் இலக்கம், 2.8 மி.மீ. மணி. வாலிறகின் இழை ஆறோ ஏழோ போதும். வாலின் நீளம் தண்டில் பாதிக்குக் கொஞ்சம் கூட. மிச்ச இழையை முறுக்கி உடம்பாகச் சுற்றி, மெல்லிய செப்புக் கம்பியால் எதிர்த்திசையில் ஐந்து சுற்று. தடிப்பாகக் கட்டினால் பெறுமதியாகத் தெரியும், ஆனால் மெல்லிய உடம்புதான் தண்ணீரை வெட்டிக்கொண்டு கீழே போகும். இதையே இரண்டு பாரத்தில் கட்டு: பாதி டங்ஸ்டன் மணி, பாதி பித்தளை மணி. ஒரே அளவு மணியில் டங்ஸ்டன் பித்தளையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். பெட்டியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே டங்ஸ்டனுக்கு மணிக்குப் பின்னால் சிவப்பு நூல், பித்தளைக்கு மண்ணிற நூல் போட்டு முடி. ஐந்தாறு தரம் எறிந்தும் ஒருமுறையாவது அடியைத் தொடவில்லையென்றால் சிவப்புக்கு மாறு. ஒவ்வொரு தரமும் மாட்டினால் மண்ணிறம்.

தண்ணீர் வற்றிக் கண்ணாடி மாதிரி இருக்கும்போதுதான் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். மணி வேண்டாம். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் இந்த நிம்ஃபை முதலில் கட்டியபோது நூலே பாவிக்கவில்லை. மெல்லிய செப்புக் கம்பிதான் நூலும் பாரமும். 16, 18ஆம் இலக்கத்தில் அப்படியே கட்டு. முன்பக்கத்தில் கம்பியால் ஒரு சிறு திரட்சி, பிறகு இழையையும் கம்பியையும் சேர்த்து முறுக்கிச் சுற்றினால் முடிந்தது. டிப்பெட் 6எக்ஸ், 0.13 மி.மீ.

மாலையில் கேடிஸ் என்ற நீர்ப்பூச்சி பறந்தால் 16ஆம் இலக்க எல்க் ஹேர் கேடிஸ், எல்க் மான் மயிரில் கட்டி மிதக்கவிடும் பிளை. மயிர்க் கற்றை நெருப்புக்குச்சியிலும் மெல்லியதாக இருக்கட்டும். அடிமயிரை நுண்பற் சீப்பால் முழுக்க வாரி எடு. அது நின்றால் தண்ணீரைக் குடித்துப் பிளை தாழும். முதலில் தண்டில் நூல் படுக்கை, பிறகு இரண்டு தளர்ந்த சுற்று, அதன் பிறகு நேரே கீழ்நோக்கி இறுக்கு. எடுத்தவுடன் இறுக்கினால் கற்றை தண்டைச் சுற்றி ஓடும். வற்றின தண்ணீருக்கு உடம்பிலுள்ள கழுத்திறகின் அடிப்பக்கத்தை மட்டமாக வெட்டிவிடு, பிளை தாழப் படிந்து இருக்கும்.

இவை மூன்றுக்கும் பொதுவான ஒரு பிழை உன்னிடம் இருக்கிறது: கொக்கிக் கண்ணை அடைக்கிறாய். தொடங்கும்போதே கண்ணுக்குப் பின்னால், மணி போட்டால் மணிக்குப் பின்னால், கொஞ்சம் வெறுமையாக விடு. உங்கள் ஆற்றில் பின்முள் இல்லாத கொக்கி கேட்கும் பகுதிகள் உண்டல்லவா? பின்முள்ளைக் கட்டுவதற்கு முன்னரே குறட்டால் நசுக்கு. அது சிலவேளை கொக்கியையே உடைக்கும். கட்டிய பிறகு உடைந்தால் அரை மணித்தியால வேலை போச்சு. தலைக்கு நிறமில்லா நகப்பூச்சு இரண்டு பூச்சு. இங்கே மழை நாளில் பூசினால் ஈரப்பதத்தில் வெளுத்துப்போகிறது, உனக்கு அந்தக் கரைச்சல் இராது. ஆனால் ஈரப் பிளையை மூடின பெட்டிக்குள் வைத்தால் கனடாவிலும் துருப்பிடிக்கும்.

கோடையில் ஒரு வெப்பமானியும் கொண்டு போ. ஷாண்ட் அணையின் அடித்தண்ணீர்தான் அந்த ஆற்றில் ட்ரவுட்டை வாழவைக்கிறது. கீழே போகப்போகச் சூடேறும். 20 பாகை தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ, அந்தச் சூட்டில் பிடித்துத் திரும்ப ஆற்றில் விட்டாலும் மீன் செத்துப்போகக்கூடும்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் வாங்கின செப்புக் கம்பி, 0.1, 0.2 மி.மீ. இரண்டும், ஒவ்வொரு சுருள் இத்துடன் வைத்திருக்கிறேன். பிளைக் கடைக் கம்பியின் விலையில் கால்வாசி இராது. அடுத்த முறை யாராவது வந்தால் வெளிறின எல்க் மயிர் ஒரு துண்டு கொடுத்துவிடு.

அன்புடன்,
சிவா