பகனீனியின் வயலினைப் பிள்ளைகள் பார்க்க உதவுங்கள்

அன்பான பலெர்மோ வாழ் உறவுகளே,

வணக்கம். எங்கள் வயலின் வகுப்புப் பிள்ளைகளை ஜெனோவாவுக்கும் கிரெமோனாவுக்கும் கூட்டிச் செல்ல இன்னும் 2,150 யூரோ குறைகிறது. கப்பல் காசை இம்மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டியாக வேண்டும்.

புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கலைஞர் பகனீனி வாசித்ததும், இப்போது ஜெனோவாவின் துர்சி மாளிகையில் இருப்பதுமான அந்த வயலினை, 1743இல் கிரெமோனாவில் குவார்னேரி தெல் ஜெசு செய்தார். அவருடைய பாட்டனார் அந்திரேயா, வயலின் செய்வதில் பேர்போன நிக்கோலோ அமாத்தியிடம் தொழில் பழகியவர். தகப்பனுக்கும் அதே தொழில். மூன்று தலைமுறையின் கைப்பழக்கம் அந்த மரத்தில் இருக்கிறது. வயலினுக்குள் ஒட்டும் சீட்டில் சிலுவையையும் இயேசுவின் திருநாமக் குறியையும் பதித்ததால்தான் அவருக்குத் 'தெல் ஜெசு', அதாவது 'இயேசுவின்', என்ற பெயரே வந்தது. அடுத்த வருடம், 1744இல், காலமானார்.

இளம் பகனீனிக்கு அதை லிவோர்னோவில் ஒரு வணிகர் கொடுத்தார் என்பார்கள். அதன் முழக்கத்துக்காகப் பகனீனி அதைப் 'பீரங்கி' என்றே அழைத்தார். 1833இல் பாரிஸில் வியோம் என்ற வயலின் செய்பவர் அதைப் பழுதுபார்த்து, அச்சொட்டாக ஒரு பிரதியும் செய்தார். பிரதி பகனீனியின் மாணவர் சிவோரியிடம் போனது. மூல வயலினை, மகன் இருந்தும், 1837இல் எழுதிய உயிலில் பிறந்த ஊரான ஜெனோவாவுக்கே பகனீனி விட்டுப்போனார். 1851இல் நகரம் அதைப் பெற்றுக்கொண்டது. பெட்டியில் பூட்டியே வைக்காமல், தேர்ந்த கலைஞர்களை இன்றும் வாசிக்க விடுகிறார்கள். பிள்ளைகள் இதை நேரில் பார்க்க வேண்டாமா?

போவோர் 18 பிள்ளைகள், 6 பெரியவர்கள். கப்பல் போய்வர 3,120. தங்குமிடம் 1,860. கிரெமோனாவுக்கு பஸ் 900. அருங்காட்சியக நுழைவு 320. மொத்தம் 6,200 யூரோ, கையில் 4,050.

இந்த 4,050ஐத் தந்தவர்களை மறக்கமாட்டோம். விடியப்புறம் எழும்பி ரோல்ஸ் சுட்டு விற்ற தாய்மார், வீட்டுவேலைச் சம்பளத்தில் மாதாமாதம் பத்து யூரோ எடுத்துவைத்த அக்காமார், பெயர் போடவேண்டாம் என்று 500 யூரோவைக் கையில் வைத்துவிட்டுப் போன ஐயா, பென்ஷனில் பங்கு தந்த இத்தாலிய அயலவர் எல்லோருக்கும் எங்கள் கைகூப்பு.

மனம் நோகாமல் ஒன்று சொல்கிறோம். ஒரு சாமத்திய வீட்டு மேடை அலங்காரத்துக்கே இதைவிடக் கூடச் செலவழிக்கும் சமூகம் நாங்கள். பிள்ளை மேடையில் வாசிக்கும்போது முன்வரிசையில் இருந்து படம் எடுத்தவர்களில் பலர் இன்னும் ஒரு சதம் தரவில்லை. பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரோசாலியா அன்னைக்கு நேர்த்தி வைத்துத் தொடங்கிய காரியம் இது. பிள்ளையார் துணையும் உண்டு. இடையில் நின்றால் பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது?

ஞாயிறு வகுப்பு முடியும் நேரம் பொருளாளரிடம் காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து யூரோவும் பெரிய உதவிதான்.

இப்படிக்கு,
வயலின் வகுப்புப் பெற்றோர் குழு,
பலெர்மோ