பழசும் புதுசும் ஜோடி போட்ட வருஷம்: நம்ம சினிமா சங்கத்தோட ஆண்டறிக்கை

தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், அப்புறம் மாசா மாசம் தவறாம வந்து உக்காந்து படம் பாத்த எல்லாருக்கும் வணக்கம். கணக்கு விவரத்தை பொருளாளர் தனியா வாசிப்பார், அதனால நான் அந்தப் பக்கம் போகல. இந்த வருஷம் என்ன படம் போட்டோம், ஏன் போட்டோம், அதைப் பத்தி என்ன பேசிக்கிட்டோம், அடுத்த வருஷம் என்ன செய்யலாம், இதுதான் என்னோட அறிக்கை. செயலாளரா மட்டும் இல்லாம ஒரு ரசிகனாவும் எழுதியிருக்கேன், என் கருத்தை சொல்ற எடத்துல என் கருத்துன்னு எடுத்துக்கோங்க.

போன பொதுக்குழுவுல நடந்த சண்டை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் "அந்தக் காலத்துப் படம் மாதிரி இப்ப ஒண்ணு வருமா"ன்னு பெரியவங்க, இன்னொரு பக்கம் "கறுப்பு வெள்ளைன்னு பாத்தாலே தூக்கம் வருது"ன்னு புதுசா சேந்த பசங்க. அதுக்கப்புறம்தான் செயற்குழுவுல ஜோடித் திட்டம் முடிவாச்சு, ஒரு வாரம் பழைய படம், அடுத்த வாரம் அதோட ஏதோ ஒரு விதத்துல உறவு உள்ள புதுப் படம், ரெண்டும் முடிஞ்ச பிறகுதான் பேச்சு. வருஷம் முடியுறப்ப எனக்குத் தோணுறது என்னன்னா, வருஷத்தை வெச்சு படத்தைப் பிரிக்கிறதுல பிரயோஜனமே இல்ல. பாக்குறவனுக்குப் புரியும்னு நம்பி எடுத்த படம் 1954லயும் இருக்கு, போன வருஷமும் இருக்கு. நம்பாம எடுத்த படமும் ரெண்டு காலத்துலயும் வண்டி வண்டியா இருக்கு.

இதுக்கு நல்ல உதாரணம் நம்ம முதல் ஜோடி, எஸ். பாலசந்தரோட அந்த நாள் (1954), பி.எஸ். வினோத்ராஜோட கொட்டுக்காளி (2024). நடுவுல சரியா 70 வருஷம். பத்துப் பன்னெண்டு பாட்டு இல்லாம தமிழ்ப் படமே கெடையாதுங்கற காலத்துல ஒரு பாட்டு கூட இல்லாம வந்த படம் அந்த நாள். படம் ஆரம்பிக்கும்போதே துப்பாக்கி சத்தம், சிவாஜி செத்து விழறார், அதுக்கப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க பார்வையில அவரைப் பத்தி சொல்லச் சொல்ல அந்த மனுஷன் யாருன்னு நாமளே கூட்டிப் பாத்துக்கணும். பராசக்தி வந்து ரெண்டே வருஷம் ஆன ஒரு நடிகர், இப்படி நெகட்டிவ் வேஷத்துக்கு ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம்.

பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு பொண்ணை குடும்பமே சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போற கதைதான் கொட்டுக்காளி, அதுல பேக்ரவுண்ட் மியூசிக்கே கெடையாது. ஷேர் ஆட்டோ சத்தம், பைக் சத்தம், காத்து, சேவல், சூரியோட கட்டிப்போன தொண்டை, அவ்வளவுதான். அன்னா பென் படம் முழுக்க கிட்டத்தட்ட வாயே தொறக்கல, ஆனா அந்தப் பொண்ணு என்ன முடிவுல இருக்கான்னு திரையிடலுக்கு வந்த எல்லாருக்கும் தெரிஞ்சது. வழியில ஒரு மாடு குறுக்க நிக்குற காட்சி, அத்தனை ஆம்பளைங்க இறங்கி நின்னு ஒண்ணும் ஆகாம ஒரு சின்னப் பொண்ணு வந்து அதை ஓட்டிட்டுப் போகும், யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல மாட்டாங்க, சொல்லியிருந்தா அந்த காட்சி செத்திருக்கும். முடிவுல "என்னங்க இப்படி பாதில விட்டுட்டாங்க"ன்னு சிலர் கேட்டாங்க. என்ன நடக்கணும்னு அந்த எடத்துல கேள்வி நம்ம பக்கம் திரும்புது, அதுதான் முடிவு, என்னைப் பொறுத்தவரைக்கும் சமீபத்துல வந்த தமிழ்ப் படங்கள்லயே தைரியமான முடிவு அதுதான்.

அடுத்து பாலு மகேந்திராவோட வீடு (1988), கூட மணிகண்டனோட கடைசி விவசாயி (2022). வீடு படத்துலயும் பாட்டு கெடையாது, இளையராஜாவோட ஹவ் டு நேம் இட் ஆல்பத்துல இருந்து எடுத்த இசைதான் அங்கங்க வரும். சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டைத் தனியா வந்து சுத்திப் பாக்குற காட்சி ஓடுனப்ப ஹால்ல ஒரு இருமல் சத்தம் கூட இல்ல. வயசான ஒருத்தர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்குறார், வேற ஒண்ணுமே நடக்கல, அது போதும். கடைசி விவசாயில நடிச்ச நல்லாண்டி ஐயா நடிகரே இல்ல, நெசமான விவசாயி, படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே காலமாயிட்டார், தேசிய விருதுல அவருக்கு சிறப்பு குறிப்பு கெடச்சது அதுக்கப்புறம்தான். ஜெயில்ல இருக்குற பெரியவரோட பயிருக்கு ஒரு போலீஸ்காரர் போய் தண்ணி பாய்ச்சுற அந்த விஷயத்தை வேற டைரக்டர் எடுத்திருந்தா காமெடி ட்ராக்கா ஆக்கியிருப்பாங்க. மணிகண்டன் அதை நிதானமா காட்டினார், சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சது.

வெளிநாட்டுப் படங்கள்ல அதிகம் பேர் வந்தது ஜப்பானிய இயக்குநர் ஒசுவோட டோக்கியோ ஸ்டோரி (1953) திரையிடலுக்கு, எனக்கே ஆச்சரியம். கேமரா தரையில உக்காந்த ஆளோட கண்ணு மட்டத்துல இருக்கும், கிட்டத்தட்ட நகரவே நகராது. மனைவி செத்துப்போன விடியக்காலையில அந்தப் பெரியவர் வெளிய வந்து நிக்கிறார், மருமக தேடிக்கிட்டு வர்றா, அவர் சொல்றது விடியல் அழகா இருந்துச்சு, இன்னிக்கும் வெயில் கொளுத்தப் போகுதுங்கிறது மட்டும்தான். இதே காட்சி இப்ப ஒரு பெரிய படத்துல வந்தா பின்னாடி அறுபது வயலின் அழும், அந்தம்மாவோட பழைய காட்சியெல்லாம் வெள்ளை மூட்டத்துல ஒரு தடவை ஓடும். இதுக்கு ஜோடியா விம் வெண்டர்ஸோட பர்ஃபெக்ட் டேஸ் (2023) போட்டோம். 1985லயே ஒசுவைப் பத்தி டோக்கியோ-கான்னு ஒரு டாக்குமெண்டரி எடுத்தவர் அவர், அந்த பாசம் இதுல தெரியும். டோக்கியோவுல பொதுக் கழிப்பறை சுத்தம் பண்ற ஒரு மனுஷனோட அன்றாடம், அகலம் 4, உயரம் 3ங்கிற பழைய ஃப்ரேம் அளவுலயே எடுத்திருக்கார், அந்த மனுஷனா நடிச்ச கோஜி யாகுஷோவுக்கு கான்ஸ் திரைப்பட விழாவுல சிறந்த நடிகர் விருது இந்தப் படத்துக்குத்தான். கடைசில வண்டி ஓட்டுற அந்த முகத்தை ரொம்ப நேரம் காட்டுறாங்களே, சிரிக்கிறாரா அழறாரான்னு நம்ம ஆளுங்க வாசல்ல நின்னும் பேசிக்கிட்டே இருந்தாங்க.

12 ஆங்க்ரி மென் (1957), விசாரணை (2015), இது நான் ரொம்ப ஆசைப்பட்டு போட்ட ஜோடி. ரெண்டுலயும் பூட்டின அறை, ரெண்டுலயும் குற்றம் சாட்டப்பட்ட எளியவங்க. 12 ஆங்க்ரி மென்ல ஒரு கொலை வழக்குல தீர்ப்பு சொல்ல பன்னெண்டு ஜூரிங்க ஒரு ரூம்ல உக்காந்து பேசுறதுதான் கதை, இயக்குநர் சிட்னி லூமெட்டுக்கு அது முதல் சினிமா. ஆரம்பத்துல கேமராவை கண்ணு மட்டத்துக்கு மேல வெச்சு, போகப் போக எறக்கி, கடைசிப் பகுதியில கண்ணுக்குக் கீழ கொண்டு வந்துட்டார், கூடவே லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமா நீளமாக்கிக்கிட்டே போனார், அதனாலதான் அந்த ரூம் சுருங்கிட்டே வர்ற மாதிரி நமக்கு மூச்சு முட்டுது, முடிவுல வெளிய வந்ததும் வைட் லென்ஸ்ல ஒரே ஒரு பெரிய ஷாட், அப்பதான் மூச்சு விடுறோம். இதை முன்கூட்டி சொல்லாம படத்தைப் போட்டு, பேச்சுல சொல்லி, அந்த எடங்களை மறுபடி ஓட்டிக் காட்டினோம். சினிமா கத்துக்குற பசங்களுக்கு அன்னிக்கு கிடைச்சது பெரிய பாடம்னு நெனைக்கிறேன். விசாரணைல அந்த அறையில நியாயம் பேச ஒரு ஆள் கூட இல்ல, மு. சந்திரகுமார் தான் பட்டதை வெச்சு எழுதின லாக்கப் நாவல்தான் அடிப்படை, அதனால அடி விழற சத்தம் வேற மாதிரி கேக்குது. எடிட்டர் கிஷோர் படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார், தேசிய விருது அவர் மறைவுக்குப் பிறகு வந்தது, அன்னிக்கு அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நின்னோம்.

சந்திரலேகா (1948), பாகுபலி ஜோடியை சுருக்கமா சொல்லிடுறேன், பசங்க விசில் அடிச்சாங்க, ரெண்டுக்கும்தான். சந்திரலேகாவோட முரசு நடனம் வெறும் பிரம்மாண்டம் இல்ல, அந்த முரசுக்குள்ள ஆளுங்க ஒளிஞ்சிருக்காங்க, பாட்டு முடிஞ்ச நொடியில சண்டை தொடங்குது, அதாவது பாட்டே கதையை நகர்த்துது. இயக்குநர் வாசன் இதை 1948ல செஞ்சுட்டார்.

சிவாஜி ஓவர் ஆக்டிங்னு ஒரு குரல் ஒவ்வொரு கூட்டத்துலயும் வருது, இதுக்கு அறிக்கையிலயே பதில் எழுதி வைக்கணும்னு தோணுச்சு. அவர் வந்தது நாடக மேடையில இருந்து, கடைசி வரிசை வரைக்கும் குரலும் கையும் போய்ச் சேரணும்ங்கிற பயிற்சி அது, அவருக்கு எழுதப்பட்ட வசனமும் அந்த அளவுக்கு உயரமா இருந்துச்சு, கட்டபொம்மனை யாராவது முணுமுணுத்துப் பேசி நடிக்க முடியுமா. அதே ஆள் முதல் மரியாதைல (1985) பாரதிராஜா கேட்டதும் எவ்வளவு அடங்கிப் போனார், தேவர் மகன்ல (1992) கமலுக்கு எதிர்ல உக்காந்து எவ்வளவு கம்மியா செஞ்சு எவ்வளவு பெரிசா நிக்கிறார்னு பாருங்க. பாத்துட்டு பேசுங்கன்னு அன்போட கேட்டுக்கறேன்.

புதுப் படங்கள்ல எனக்கு உண்மையிலயே வருத்தம் தர்ற விஷயமும் சொல்லணும். இருபது நிமிஷம் முன்னாடி நாம பாத்த வசனத்தையே க்ளைமாக்ஸ்ல எக்கோ போட்டு திருப்பிக் காட்டுறது, ஆரம்பத்துலயே ஒரு வாய்ஸ் ஓவர் வந்து மொத்த ஊரையும் அறிமுகம் பண்றது, சோகம்னா எந்த நொடியில அழணும்னு மியூசிக் வந்து கையப் பிடிச்சு சொல்றது. போன்ல பாதி கவனத்தோட பாப்பாங்கன்னு பயந்து எடுக்குறாங்க. மெய்யழகன் (2024) வெளியான சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை கொறைச்சாங்க, லேக் அடிக்குதுன்னு. ரெண்டு பேர் ராத்திரி முழுக்க பேசுறதுதான் படமே, அதுல பேச்சைக் குறைச்சா என்ன மிஞ்சும். குரோசாவாவோட செவன் சாமுராய் 207 நிமிஷம், நம்ம ஹால்ல நடுவுல ஒருத்தர் கூட எழுந்து போகல. நேரம் நீளமா இருக்குறது குத்தம் இல்ல, அதுல ஒண்ணும் இல்லாம இருக்குறதுதான் குத்தம்.

திரையிடல் முறை பத்தி வந்த புகார்கள். பழைய படம் போடும்போது ரெண்டு பக்கமும் கறுப்பு பட்டை வருது, ஃபுல் ஸ்க்ரீன் ஆக்குங்கன்னு கேக்குறாங்க. அந்தப் படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்துல இருக்குற சட்டத்துல எடுத்தது, இழுத்தா எல்லாரும் குண்டாயிடுவாங்க, பெருசாக்கினா தலையும் காலும் வெட்டுப்படும், ஒளிப்பதிவாளர் யோசிச்சு வெச்ச ஃப்ரேம் அது, வெட்ட நமக்கு உரிமை இல்ல. இன்னொண்ணு, ஒரு திரையிடல்ல படம் சீரியல் மாதிரி தெரியுதுன்னு ஒரு அக்கா சரியா கண்டுபிடிச்சு சொன்னாங்க, பெரிய டிவியில மோஷன் ஸ்மூத்திங் ஆன்ல இருந்துச்சு, நொடிக்கு 24 ஃப்ரேம்ல எடுத்ததுக்கு நடுவுல அதுவா புது ஃப்ரேம் செஞ்சு சொருகும், அதான் அந்த வழுவழுப்பு. அணைச்சோம், இனிமே ஒவ்வொரு தடவையும் முதல்ல அதைத்தான் பாப்போம். வீட்டுலயும் செட்டிங்ஸ்ல போய் அணைச்சுடுங்க, தயவுசெஞ்சு.

பழைய படங்களைப் பாதுகாக்குறது பத்தின சிறப்புக் கூட்டத்துக்கு கூட்டம் கம்மியா இருந்தாலும் எனக்கு இந்த வருஷத்துல முக்கியமான நாள் அது. நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழ் மௌனப் படம் கீசக வதம் இப்ப இல்ல, முதல் பேசும் படம் காளிதாஸ் (1931) இல்ல. அந்தக் காலத்துல படம் பிடிச்ச நைட்ரேட் ஃபிலிம் தானா மக்கிப் போகும், தீப்பிடிச்சா அணைக்கவே முடியாது, போதாக்குறைக்கு அதுல இருக்குற வெள்ளிக்காக உருக்கினதும் உண்டு. சத்யஜித் ராயோட பாதேர் பாஞ்சாலி ஒரிஜினல் நெகட்டிவ் 1993ல லண்டன் தீ விபத்துல கருகிப் போச்சு, அந்த கருகின சுருள்ல தேறினதை ஒவ்வொரு துளையா ஒட்டவெச்சு சரி பண்ணி, மிச்சத்தை வேற பிரதிகள்ல இருந்து எடுத்து, 2015ல புதுசா வெளியிட்டாங்க. ஜெர்மன் மௌனப் படம் மெட்ரோபோலிஸோட காணாம போன பகுதி 2008ல பியூனஸ் அயர்ஸ்ல கெடச்சது. இன்னொரு மௌனப் படம் தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்கோட பிரிண்ட் 1981ல நார்வேல ஒரு மனநல மருத்துவமனை அலமாரில இருந்துச்சு. நம்ம கர்ணன் (1964) டிஜிட்டல்ல சரி பண்ணி 2012ல மறுபடி வந்தப்ப தியேட்டர் நெறஞ்சது எல்லாருக்கும் தெரியும், அப்ப பாக்க ஆளு இருக்கு, படத்தைக் காப்பாத்துறதுதான் பாக்கி. உறுப்பினர்கள் வீட்டுல பழைய பாட்டுப் புத்தகம், போஸ்டர், லாபி ஸ்டில், எதுவா இருந்தாலும் பழைய பேப்பருக்குப் போடாம கொண்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு திருப்பிக் குடுத்துடுவோம், நூலகப் பொறுப்பாளர் பதிவேடு தொறந்து வெச்சிருக்கார்.

அடுத்த வருஷத்துக்கு செயற்குழு முன்வைக்கிற தீர்மானங்கள். பெண் இயக்குநர்களுக்குன்னு தொடர் வேணும்னு பல உறுப்பினர்கள் எழுதிக் குடுத்திருக்காங்க, நியாயமான கோரிக்கை. 1936லயே டி.பி. ராஜலட்சுமி மிஸ் கமலாவை இயக்கிட்டாங்க, அவங்களைப் பத்தி ஒரு பேச்சோட தொடங்கி, அன்யெஸ் வர்தாவோட க்ளியோ ஃப்ரம் 5 டு 7 (1962), சுதா கொங்கராவோட இறுதிச்சுற்று (2016), கடைசியா சாந்தால் அகெர்மனோட ழான் டீல்மன் (1975). இது 201 நிமிஷம், ஒரு அம்மா உருளைக்கிழங்கு உரிக்கிறதைக் கூட முழுசா பாக்கணும், 2022ல சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை எடுத்த விமர்சகர் வாக்கெடுப்புல முதல் எடம் இதுக்குத்தான், இடைவேளை விட்டுப் போடலாமா ஒரே மூச்சுல போடலாமாங்கறதை நீங்களே முடிவு பண்ணுங்க, என் ஓட்டு ஒரே மூச்சுக்கு.

ரெண்டாவது தீர்மானம், படம் ஓடும்போது போன் வெளிச்சம் வந்தா உடனே எழுந்து வெளிய போயிடணும், வாலண்டியர் வந்து சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. மூணாவது, பேச்சு நேரத்தை அரை மணியில இருந்து ஒரு மணியா கூட்டணும், உதிரிப்பூக்கள் (1979) போட்ட அன்னிக்கு, ஊர் கூடி படத்துல வர்ற அந்தக் கொடுமைக்கார ஆளை ஆத்துல எறக்குனது சரியா தப்பான்னு பேச்சு சூடு பிடிக்குற நேரத்துல ஹாலைப் பூட்ட வேண்டியதாப் போச்சு.

ஹால் ஏற்பாடு பண்ணினவங்க, ப்ரொஜக்டரைத் தூக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போன தம்பிங்க, தமிழ் சப்டைட்டில் உக்காந்து தட்டின அந்த ரெண்டு அக்காமாருங்க, எல்லாருக்கும் சங்கத்தோட நன்றி. மூணு தீர்மானத்தையும் தலைவர் இப்ப வாக்கெடுப்புக்கு விடுவார், ழான் டீல்மன் இடைவேளை விஷயத்துக்கு தனியா கை தூக்கணும், அது முடிஞ்சதும் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்