கை கொடுத்ததற்கும் கையை எடுத்ததற்கும்

எல்லோருக்கும் வணக்கம். நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் போன சனிக்கிழமை வந்தேன், வாயைத் திறந்ததும் அழுகை முந்திக்கொண்டது, அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஏழு வயது. செரிப்ரல் பால்சி, மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை. நிறுத்தி வைத்தால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் உங்கள் லாயத்துக்கு, குதிரைமேல் உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சைக்காக, நாங்கள் வரத் தொடங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. "நடக்கவே வராத பிள்ளையைக் குதிரையில ஏத்துறியே, புத்தி கெட்டுப்போச்சா?" என்று சொந்தத்தில் கேட்காத ஆளில்லை.

முதல் நன்றி எங்கள் எலும்பு டாக்டருக்கு. கேட்டதும் சரி என்று தலையாட்டாமல், வேண்டாம் என்று விரட்டவும் செய்யாமல், முதலில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து வாருங்கள் என்றார். கால் இறுக்கம் உள்ள பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தை விட்டு மெல்ல நழுவுமாம், நழுவியிருந்தால் காலை அகட்டி உட்கார வைப்பதே ஆபத்து, வலிப்பு அடிக்கடி வந்தாலும் கூடாது. இதில் எதையும் கேட்காத ஓர் இடத்துக்கு நாங்கள் அதற்கு முன்பே ஒரு தடவை போயிருந்தோம். பத்து நிமிடம் சுற்றவிட்டு, போட்டோ எடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் பிசியோ அக்கா. சேணம் போடாமல் கனத்த விரிப்பை மட்டும் கட்டி ஏற்றியபோது நான் பதறினேன், ஞாபகம் இருக்கும். குதிரையின் உடம்புச் சூடு 38 டிகிரி வரை இருக்கும், நம்மைவிட ஒரு டிகிரி கூட, அந்தக் கதகதப்பு நேராகத் தொடைக்குப் போக வேண்டும் என்றீர்கள். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், கொஞ்சம் திரும்பியும் அசைகிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பும் ஏறக்குறைய அப்படியேதான் அசைகிறது. "இவ இடுப்புக்கு நடைன்னா என்னன்னே தெரியாதும்மா, குதிரை அதைச் சொல்லிக் கொடுக்குது" என்று நீங்கள் சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இவள் நடந்துவிடுவாள் என்று ஒருநாளும் நீங்கள் ஆசை காட்டவில்லை, அதற்குத் தனியாக ஒரு நன்றி. உட்காருவது நிலைப்படும், இறுக்கம் கொஞ்சம் தளரும் என்றீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன லிஸ் ஹார்டெல் கதை எங்கள் வீட்டில் தினமும் நடக்கிறது. 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க் பெண், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டுக் குதிரையேற்றத்தில் வெள்ளி வாங்கினார், குதிரையில் ஏறவும் இறங்கவும் மட்டும் ஆள் வேண்டும். என் மகளுக்குப் பிடித்தது பதக்கம் இல்லை. "அந்த ஆன்ட்டியையும் தூக்கித்தான் விடணுமா?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

குதிரையைப் பிடித்து நடத்தும் அண்ணா, அதன் காகிதப் பெயர் ஏதோ நீளமான இங்கிலீஷ், இவள் வைத்த பெயர் வெல்லம், கொடுத்ததைத் தின்று தின்று வந்த பெயர். மூன்றாம் வாரம் பக்கத்து ரோட்டில் யாரோ சரவெடி வைத்தபோது வெல்லம் காதை விறைத்துக்கொண்டு நின்றது, நீங்கள் கயிற்றை இழுக்கக்கூட இல்லை, கழுத்தில் கை வைத்து என்னவோ முணுமுணுத்தீர்கள். எனக்குத்தான் உயிர் போய் வந்தது. மேலே இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் நடந்து வந்த கல்லூரித் தம்பிகளே, உங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வயதில் யார் எழுந்திருப்பார்கள்? முதலில் ஒரு கை முதுகில், ஒரு கை தொடையில். பிறகு முதுகுக் கை போனது, தொடைக் கை முழங்காலுக்கு வந்தது, அப்புறம் கணுக்காலுக்கு. ஏழாவது மாதம் என்று நினைக்கிறேன், மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், உங்கள் இருவரின் கையும் அவள் மேல் இல்லை. ஒரு சாண் தள்ளி, விரித்தபடி, கூடவே நகர்ந்துகொண்டிருந்தன. அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். பிடித்துக்கொள்ள எனக்கும் தெரியும், ஏழு வருடமாக அதைத்தான் செய்கிறேன். விடத்தான் தெரியாது.

காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும், கட்டணத்தில் பாதியை ஏற்றுக்கொண்ட அலுவலகத் தோழிகளுக்கும் நன்றி. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

அவளுக்குத் தலை பின்ன எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். நான் தோளைப் பிடித்துக்கொள்ள, அம்மா பின்னுவார். போன வாரம் அடுப்பில் பால் பொங்க, நான் விட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் இரட்டைப் பின்னல் முடிந்து ரிப்பனும் கட்டியாகிவிட்டது. "நீ எங்கடி போன?" என்கிறார் அம்மா.

சனிக்கிழமை வருகிறோம். அரைக் கிலோ வெல்லம் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள், அண்ணா, அளவாகத்தான் கொடுக்கணும் என்று நீங்களே அவளிடம் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்கமாட்டாள்.