என் தவணையை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்புங்கள்

குழுக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, பத்துப் பெண்கள் கொண்ட ஒரு குழுவின் தலைவி எழுதுகிறேன். வாரக் கூட்டம் எப்படி நடக்கும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களில் ஒருத்தி அன்று வரவில்லை. கட்டட வேலைக்குப் போன அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மற்ற ஒன்பது பேரும் காலை பத்து மணிக்கே பணத்தை எண்ணி வைத்துவிட்டோம். வசூலுக்கு வந்த தம்பி அதைத் தொடவில்லை. பத்துப் பேருடையதும் சேர்ந்தால்தான் வரவு வைப்பேன் என்றார். பிறகு எங்களை அவள் வீட்டு வாசலில் போய் உட்காரச் சொன்னார். அவரையும் நான் குறை சொல்லவில்லை. அவருக்கு மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

உட்கார்ந்தோம். நடவுக்குப் போகவேண்டிய மூன்று பேருக்கு அன்றைய கூலி போயிற்று. வீட்டில் இருந்தது கண் தெரியாத மாமியாரும் பதினோரு வயது மகளும்தான். அந்தப் பிள்ளை ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரமும் தாண்டியது. ஏழரை மணிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவள் தவணையையும் நாங்களே கட்டிய பிறகுதான் எழுந்திருக்க முடிந்தது. உங்கள் கணக்கில் அன்று நூற்றுக்கு நூறு வசூல்.

ஜாமீன் இல்லாமல் கடன் கொடுப்பதாக விளம்பரம் செய்கிறீர்கள். எங்களிடம் நகையும் பட்டாவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஜாமீன் இருந்தது. யாருக்கு எந்த மாதம் வேலை இருக்கும், யார் வீட்டுக்காரர் குடிப்பார், யார் சொன்ன சொல் தவறமாட்டாள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அதை வைத்து நாங்களே ஆள் சேர்த்தோம். உங்களுக்கு விசாரணைச் செலவு மிச்சம். 2018 நவம்பரில் கஜா புயல் கூரைகளைக் கொண்டுபோனபோது பத்து வீட்டுக்கும் ஒரே அடுப்பில் உலை வைத்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் அடகு பிடித்திருக்கிறீர்கள்.

குழு எங்களுக்குப் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய சுய உதவிக் குழுக்களில் ஒன்றில் வாரம் பத்து ரூபாய் சேமித்தவர்கள்தான் நாங்கள். அங்கே ஒருத்தியால் கட்ட முடியாவிட்டால், ஏன் என்று கேட்டு, இரண்டு மாதம் தள்ளித் தீர்மானம் எழுதுவோம். பணம் எங்களுடையது, பொறுப்பதா நெருக்குவதா என்பதும் எங்கள் கையில் இருந்தது. இப்போது பணம் உங்களுடையது, பொல்லாப்பு மட்டும் எங்களுடையது.

கூட்டுப் பொறுப்பு இல்லாவிட்டால் கடன் திரும்பாது என்பீர்கள். நீங்கள் முன்னோடி என்று சொல்லும் வங்கதேசத்துக் கிராமீன் வங்கியே, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்கிறது. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டுப் பார்த்தது, வராக்கடன் கூடவில்லையாம். இதெல்லாம் கல்லூரியில் படிக்கும் என் மகள் சொன்னது. கூட்டுப் பொறுப்பு இருந்தும், ஆந்திராவில் 2010இல் நுண்கடன் வாங்கியவர்கள் ஊர் ஊராகத் தவணை கட்டுவதையே நிறுத்தியது மட்டும் அவள் சொல்லாமலே எனக்குத் தெரியும். உங்களுக்கும் மறந்திருக்காது.

உறவினரையும் நண்பர்களையும் தொல்லைப்படுத்துவது கடுமையான வசூல்முறை என்று ரிசர்வ் வங்கி 2022இல் தடுத்திருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறது. நாங்கள் அவளுடைய நண்பர்களா, சம்பளமில்லாத உங்கள் வசூல் ஆட்களா? நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் வசதியாக இருக்கும். கோடிக்கணக்கில் வாங்கிய முதலாளி கட்டாவிட்டால், அவரோடு கிளப்பில் சீட்டாடுகிறவர்களைக் கொண்டுபோய் அவர் பங்களா வாசலில் உட்கார வைப்பார்களா? வைத்தால் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க அங்கே ஆளாவது இருப்பார்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

வெள்ளிக்கிழமை அவள் தன் தோட்டை அடகு வைத்து, நாங்கள் போட்ட பணத்தை மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். நேரில் வரவில்லை. அடுத்த வாரம் என் வயலில் நடவு. ஆண்டுதோறும் அவள் எனக்கு நாற்றுப் பறிக்க வருவாள், நான் அவளுக்குப் போவேன்; கூலிப் பேச்சே கிடையாது. இந்த முறை அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வெளியாள் வைத்தால் கூலி கொடுக்கவேண்டும். அதற்கும் உங்களிடம்தான் கடன் கேட்கவேண்டியிருக்கும் போலிருக்கிறது.

கடனைத் தள்ளுபடி செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. அவரவர் தவணையை அவரவரிடம் வாங்குங்கள். கட்ட முடியாதவளுக்கு நாள் கொடுங்கள். அவளோடு நீங்களே பேசுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் தவணை 740 ரூபாய் தயாராக இருக்கும். அதை வாங்கி, அட்டையில் வரவு வைத்து, என்னை வீட்டுக்கு அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குழுத் தலைவி