இருநூறு வீட்டு ஊர்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். குளிர் இன்னும் விடவில்லை, உங்கம்மா ஸ்வெட்டரைக் கழற்றுவதே இல்லை. போன வாரம் போனில் நீ சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு பேர் பணம் போட்டுச் சொந்தமாகத் தையல் யூனிட் வைக்கப்போவதாகச் சொன்னாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஓர் ஊருக்குக் கூட்டிப்போனான். அதைப் பார்த்த பிறகு உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ஊர் பெயர் ரூஸ்வெல்ட். நியூ ஜெர்சியில் ஹைட்ஸ்டவுனுக்குப் பக்கம், சுற்றிலும் வயலும் காடும். இங்கே இதை 'பரோ' என்கிறார்கள், நம்மூர்ப் பேரூராட்சி மாதிரி. தனி மேயர், தனி கவுன்சில். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 808 பேர்.

இந்த ஊரை உண்டாக்கியவர்கள் தையல்காரர்கள் என்று உன் அண்ணி சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து, நியூயார்க்கில் காற்றோட்டமில்லாத அறைகளில் தைத்துக்கொண்டிருந்த யூதர்கள். 1930களின் பெருமந்தத்தில் அவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அப்போது பெஞ்சமின் பிரவுன் என்பவர் ஒரு திட்டம் போட்டார், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு பணம் கொடுத்தது. 200 குடும்பங்கள், குடும்பத்துக்கு 500 டாலர் பங்கு. ஒரு தையல் ஆலை, ஒரு பண்ணை, ஒரு கடை, மூன்றும் கூட்டுறவு. சீசனில் தைப்பது, சீசன் இல்லாத மாதங்களில் பண்ணையில் வேலை. ஆர்டர் இல்லாத மாதங்களில் பனியன் கம்பெனி வாசலில் நான் நின்ற நாட்கள் உனக்கும் ஞாபகம் இருக்கும். இந்த யோசனையின் அருமை எனக்கு உடனே புரிந்துவிட்டது.

முதல் குடும்பங்கள் 1936இல் குடிவந்தன. 1937இல் ஜெர்சி ஹோம்ஸ்டெட்ஸ் என்ற பெயரில் தனி பரோ ஆனது. வீடுகள் இன்றும் நிற்கின்றன. தட்டையான கூரை, பெரிய ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் நல்ல இடம் விட்டிருக்கிறார்கள். பிற்பாடு அகமதாபாத் ஐஐஎம் கட்டடத்தை வடிவமைத்த லூயி கான் இளவயதில் இந்த வீடுகளுக்கு வேலை பார்த்திருக்கிறார்.

ஆனால் ஆலை 1939இலேயே படுத்துவிட்டது. அடுத்து பண்ணையும் போனது. கான்கிரீட் பலகைகளை அங்கேயே வார்த்து வீடு கட்டப்போகிறோம் என்று தொடங்கி, அது சரிவராமல் காலம் போய்விட்டது. ஆலை திறந்தபோது தைக்கவேண்டிய பலருக்கு வீடே தயாராகவில்லை. பணம் கட்டிவிட்டு நியூயார்க்கிலேயே காத்திருந்தார்கள். பண்ணை வேலைக்கும் பலருக்கு மனமில்லை. ஊசி பிடித்த கை மண்வெட்டி பிடிக்கத் தயங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். என்னையும் யாராவது நாற்பது வயதில் காட்டுக்குப் போகச் சொல்லியிருந்தால் நானும் திணறியிருப்பேன்.

இதற்குப் பிறகும் ஊர் காலியாகவில்லை, அம்மிணி. நான் எழுத வந்ததே இதற்காகத்தான். ஆலை போனாலும் ஜனங்கள் இருந்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945இல் இறந்ததும் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2000இல் 933 பேர் இருந்தார்கள், அப்புறம்தான் மெல்லக் குறைந்திருக்கிறது.

அங்கே பள்ளிக்கூடச் சுவரில் பென் ஷான் என்ற ஓவியர் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. நாங்கள் போனபோது பூட்டியிருந்ததால் அண்ணி போனில்தான் காட்டினாள். கப்பலிலிருந்து இறங்கி வரும் கூட்டத்தின் முன்னால் ஐன்ஸ்டீன் நடக்கிறார். அப்புறம் குறுகிய அறைகளில் குனிந்து தைப்பவர்கள், சங்கத்துக்காகப் பேசும் ஒருவர், கடைசியில் மேஜைமேல் ஊரின் வரைபடத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பவர்கள். அந்தத் தையல்காரர்களின் முதுகு வளைவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மிஷின் முன்னால் நானும் உன் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். படத்தை வரைந்தவரும் பிறகு அதே ஊரில் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருந்தாராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ தொடங்கு. என் சேமிப்பிலிருந்து உன் பங்கை நானே போடுகிறேன். மிஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் முதல் ஆறு மாதத்துக்கு யார் ஆர்டர் தருகிறார்கள், ஆறு பேரும் முதல் நாளிலிருந்தே வரமுடியுமா, ஆர்டர் இல்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள், இந்த மூன்றையும் கேட்டு எனக்கு எழுது. பழைய ஓவர்லாக் மிஷினை விற்றுவிடாதே, நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா