ஒன்றரை பவுண்டு நீராவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தெருவெல்லாம் உறைந்து கிடந்தாலும் நான் நாள் முழுக்க நிற்பது பாய்லர் பக்கத்தில்தான். போனில் கேட்டீர்களே, "வீட்டுக்குள் எதற்கடா பாய்லர்?" என்று. அதை ஆற அமர எழுதுகிறேன்.

இங்கே நியூ ஜெர்சியில் 1920களில் கட்டிய பல வீடுகளுக்கு இன்னும் நீராவிச் சூடுதான். நிலவறையில் ஒரு வார்ப்பிரும்புப் பாய்லர், அறைக்கு அறை ரேடியேட்டர். பம்பு கிடையாது. நீராவி தானாக மேலே ஏறி, ரேடியேட்டரில் குளிர்ந்து தண்ணீராகும். பல வீடுகளில் போன குழாயிலேயே திரும்பியும் வரும். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒன்றரை பவுண்டு. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற உங்கள் கணக்கில் ஒரு கிலோவில் பத்தில் ஒரு பங்கு! மில் பாய்லரைக் கட்டி மேய்த்த உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் தலைவலியே இந்தக் குறைந்த அழுத்தத்தில்தான். அழுத்தம் குறையக் குறைய அதே எடை நீராவி அதிக இடம் கேட்கும். காற்றழுத்த அளவில் தண்ணீரைப் போல ஏறத்தாழ 1,600 மடங்கு. அத்தனையும் பாய்லர் வாயில் நெருக்கியடித்து வெளியேறும்போது தண்ணீரையும் அள்ளிக்கொண்டு போகும். பழைய நிலக்கரிப் பாய்லர்களில் தண்ணீருக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது, நீராவி நிதானமாகக் கிளம்பியது. புதுப் பாய்லர்களில் அந்த இடத்தைச் சுருக்கிவிட்டார்கள். அதனால் தண்ணீரைப் பிரிக்கும் வேலை வெளியே நாங்கள் போடும் குழாய்க்கு வந்துவிட்டது. இந்தக் குழாயும் பாய்லரில் ஒரு பாகம்தான் என்பார் எங்கள் மேஸ்திரி. பாய்லரோடு வரும் கையேட்டில் குழாய்ப் படம் இருக்கிறது. பலர் அதைப் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை.

பாய்லரிலிருந்து இரண்டு குழாய்கள் நேரே மேலே ஏறும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 24 அங்குலமாவது ஏறிய பிறகுதான் படுக்கைக் குழாயான ஹெடரைத் தொடலாம். உயரம் கூடினால் இன்னும் நல்லது, ஏறும் வழியிலேயே தண்ணீர் கழன்று விழும். ஹெடர் சூட்டில் நீளும் என்பதால் இணைப்புகளில் இரண்டிரண்டு எல்போ (வளைவுத் துண்டு) போட்டு அசைய இடம் விடுகிறோம். இல்லையென்றால் அது பாய்லரின் பாகங்களையே நெம்பிப் பிரித்துவிடும். அப்புறம் வரிசை. முதலில் பாய்லரிலிருந்து வரும் இரண்டு குழாய்களும் சேர வேண்டும், அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகும் குழாய், கடைசியில் பாய்லரின் அடிப்பக்கத்துக்கே இறங்கும் குழாயான ஈக்வலைசர். நீராவி லேசு, சட்டென்று மேலே திரும்பிவிடும். தண்ணீர், பஸ் வளையும்போது பிடியில்லாமல் நிற்பவர் போல, வந்த வேகத்தில் நேரே போய் ஈக்வலைசரில் விழுந்து பாய்லருக்கே திரும்பிவிடும்.

போன மாதம் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் இந்த வரிசையை மாற்றிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகும் குழாய் நட்டநடுவில், இரண்டு பக்கமும் பாய்லர் குழாய்கள். நீராவி இரண்டு திசையிலிருந்தும் மோதி, தண்ணீரை நேரே மேலே தூக்கி அடித்தது. ராத்திரியெல்லாம் குழாய்க்குள் சுத்தியலால் அடிப்பது போன்ற சத்தம். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் நிலைகொள்ளாமல் குதித்து, மட்டம் இறங்கி, பர்னர் அணையும். தானியங்கி வால்வு புதுத் தண்ணீரை விடும். கொஞ்ச நேரத்தில் மேலே போன தண்ணீரும் திரும்பி வந்து பாய்லர் நிரம்பி வழியும். போதாக்குறைக்கு எல்லாம் செம்புக் குழாய், சாலிடர் வைத்த மூட்டுகள். செம்பு இரும்பைவிட அதிகம் நீளும் என்பதால் மூட்டுக்கு மூட்டு கசிந்து பச்சைக் கறை. அறுத்துப் போட்டுவிட்டு, கறுப்பு இரும்புக் குழாயில் மரை வெட்டி, புதிதாக ஏற்றினோம்.

திரும்பி வரும் தண்ணீர்க் குழாயை நேராகப் பாய்லரின் அடியில் செருக மாட்டார்கள். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஈக்வலைசரோடு சேர்ப்பார்கள். ஹார்ட்ஃபோர்டு லூப் என்று பெயர். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள பாய்லர் காப்பீட்டுக் கம்பெனி 1919இல் கொண்டுவந்தது. திரும்பும் குழாய் ஓட்டையானாலும் பாய்லர் அந்த மட்டத்துக்குக் கீழே காலியாகாது. நஷ்டஈடு கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் யோசித்த யோசனை, சும்மாவா! அந்த இணைப்பில் மிகக் குட்டையான நிப்பிள்தான் (இரு முனையிலும் மரை வெட்டிய குழாய்த் துண்டு) போட வேண்டும். நீளமாகப் போட்டால் அங்கேயே தட்டல் ஆரம்பித்துவிடும்.

குழாயைச் சரியாகப் போட்டாலும் ஒரு வேலை பாக்கி. மரை வெட்டிய எண்ணெய் தண்ணீர் மேல் மிதந்தால் நுரைத்துக் கொதித்து, மறுபடி ஈர நீராவிதான். பக்கவாட்டுத் துளை வழியாக, பென்சில் கனத்துக்கு மட்டும் தண்ணீரை வழியவிட்டு, மேலே படிந்த எண்ணெய் ஆடையை மெதுவாக எடுக்க வேண்டும். மணிக்கணக்காகும். சலிப்பான வேலை என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், எங்கள் மேஸ்திரி விடவே மாட்டார். வாளியில் வானவில் நிறம் போகும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு பர்னரைப் போட்டால் கேஜ் கிளாஸில் தண்ணீர் லேசாக அசைந்ததோடு சரி. தட்டலும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மில் பாய்லரில் நீராவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்க டிரம்முக்குள்ளேயே தகடு ஏதாவது வைத்திருந்தார்களா, வெளியே குழாயில் தனியாகவா? மேஸ்திரிக்குத் தெரிய வேண்டுமாம். படம் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்